எட்டு நாள் வித்தியாசம்

என் மகள் பிறந்தது 2019 ஜனவரி 9. சிங்கப்பூரில் பிள்ளை வளர்ப்பவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். இங்கே தொடக்கநிலை ஒன்றுக்கான, அதாவது முதல் வகுப்புக்கான, வயதுக் கணக்கு ஜனவரி 2ஆம் தேதி பிறந்த பிள்ளையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி பிறந்த பிள்ளையோடு முடிகிறது. 2018 ஜனவரி 2 முதல் 2019 ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் 2025இல் பள்ளிக்குப் போனார்கள். பாப்பா எட்டு நாள் தள்ளிப் பிறந்துவிட்டாள். அவளுடைய முறை 2026.

அந்த எட்டு நாளை வைத்துக்கொண்டு 2024இன் முதல் பாதி முழுவதும் எங்கள் வீட்டில் பேச்சு ஓடியது. ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியில் சேர்க்கலாமா, வேண்டாமா? இதே கேள்வியோடு இருக்கும் தோழிகள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் என்னைக் கேட்டார்கள். லிஃப்ட் வரும்வரை நின்று பேசிய பேச்சில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. முழுதாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அவளைப் பற்றி. நாங்கள் செங்காங்கில் இருக்கிறோம். வடகிழக்கு ரயில் பாதையில் வாரத்துக்கு ஒருமுறையாவது லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போவோம். ஒருநாள், அவளுக்கு மூன்றரை வயது இருக்கும், கதவுக்கு மேலே இருக்கும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள் திரும்பி, "அம்மா, என்இ ஒண்ணு இருக்கு, என்இ மூணு இருக்கு, ரெண்டு எங்க?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஹார்பர்ஃபிரண்ட் என்இ1. அடுத்து ஊட்ரம் பார்க், என்இ3. நடுவில் ஒரு எண்ணைக் காணோம். அந்தப் பாதை 2003இல் திறந்தது. எத்தனை வருடமாக அதில் போய் வருகிறேன், ஒருநாள்கூட என் கண்ணில் பட்டதில்லை. பிற்பாடு நிலையம் கட்டினால் வேண்டியிருக்கும் என்று எண்ணைக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அன்றிலிருந்து பல மாதம் அவள் வரைந்த ரயில் படங்களிலெல்லாம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் வண்ணம் தீட்டாத ஒரு வட்டம் இருக்கும். 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் என்இ18 என்று திறந்தபோது, பாதையின் அந்தக் கோடியில் எண் நீண்டதைவிட இந்தக் கோடியில் இரண்டு இன்னும் வரவில்லையே என்பதுதான் அவளுக்கு வருத்தம்.

ஐந்து வயது முடிந்த சமயம் என் அப்பா தேக்காவிலிருந்து தமிழ் எழுத்து அட்டை ஒன்று வாங்கி வந்து சுவரில் ஒட்டினார். உயிர் 12 மேலே, மெய் 18 பக்கவாட்டில், நடுவில் உயிர்மெய்க் கட்டங்கள். பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று விரலை வைத்து எண்ணினாள். ஒரு வரிசையை எண்ணி முடித்தாள், அப்புறம் ஒரு நெடுவரிசையை. அதோடு இறங்கிவிட்டாள். எல்லாவற்றையும் எண்ணவில்லை. சோபாவில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "தாத்தா, 216 தானே வருது, கீழ ஏன் 247 போட்டிருக்கு?" என்றாள். பெருக்கல் என்ற சொல்லை அதுவரை வீட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. உயிர் 12, மெய் 18, அது முப்பது, கூட ஆய்தம் ஒன்று என்று அப்பா விளக்கினார். சரி என்று தலையாட்டினாள். ஆனால் ராத்திரி படுக்கும்போது கேட்டது வேறு கேள்வி. "ஆய்தத்துக்கு மட்டும் ஏன் வரிசை இல்ல? அது தனியாவே இருக்குமா?" மறுநாள் காலையில் அட்டையில் ஆய்த எழுத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலால் இன்னும் மூன்று புள்ளி வைத்திருந்தாள். அதற்குத் துணையாம்.

எங்களுக்கு வந்த சிக்கல் அந்த ஒரு அட்டையிலேயே இருக்கிறது. 247ஐக் கேள்வி கேட்டவளும் அவள்தான், புள்ளிக்குத் துணை தேடியவளும் அவள்தான். இரண்டும் ஒரே ராத்திரியில்.

பாலர் பள்ளியில் கே1 வகுப்பு. மற்றப் பிள்ளைகள் இருபதுக்குள் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள், மற்றவர்களுக்கு வாய்ப்பே இல்லை என்று ஆசிரியை ஒரு விதி போட்டுவிட்டார்: ஒரு நாளைக்கு இரண்டு பதில்தான். அவர் பக்கமும் நியாயம் உண்டு, இருபது பிள்ளைகளை அவர் பார்க்க வேண்டும். ஆனால் பாப்பா அந்த இரண்டை எப்படிச் செலவழித்தாள் என்பதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "இன்னிக்கு ஒண்ணை மிச்சம் வச்சிருந்தேன்மா. கடைசி வரைக்கும் நல்ல கேள்வி வரவே இல்ல" என்றாள். ஒரு ஐந்து வயதுக் குழந்தை தன் அறிவை ரேஷன் அரிசி மாதிரி அளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

என் கணவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், சீக்கிரம் சேர்த்துவிட வேண்டும் என்று. அவருடைய பயம் வேறு. அவரும் சின்ன வயதில் இப்படித்தான். உயர்நிலைப் பள்ளி வரை புத்தகத்தைத் திறக்காமலேயே முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர். தொடக்கக் கல்லூரியில் முதன்முதலாக ஒரு கணக்கு வராமல் போனபோது அதை எப்படி எதிர்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. வராத ஒன்றோடு மல்லுக்கட்டி உட்கார்ந்து பழக்கமே இல்லை. ஒரு வருடம் முழுக்க அப்படியே போயிற்று. "இவளுக்கும் அது வரக்கூடாது. கஷ்டமே படாம வளர்ந்தா அப்புறம் கஷ்டப்படத் தெரியாது" என்பார். இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இன்றும் நான் அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே விதி எப்படி என்றால், கட்டாயக் கல்விச் சட்டம் 2003இலிருந்து நடப்பில் இருக்கிறது, ஏழு வயதாகும் ஆண்டில் பிள்ளை தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறது. மிகுந்த மீத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு சில வழிகள் வைத்திருக்கிறது. வகுப்பிலேயே ஆழமான வேலை கொடுப்பது ஒன்று. ஒரு பாடத்தை மட்டும் மேல்வகுப்பில் படிக்க விடுவது இன்னொன்று. ஒரு வகுப்பைத் தாண்டிப் போடுவதும், முன்கூட்டியே பள்ளியில் சேர்ப்பதும் அப்புறம் வருபவை. எல்லாமே அபூர்வமாகத் தருபவைதான். என் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று போய் நின்றால் கிடைத்துவிடாது.

அதனால் முதலில் ஒரு உளவியல் நிபுணரிடம் அழைத்துப் போனோம். சின்ன அறை, இரண்டு நாற்காலி, கட்டைகளும் படங்களும் நிறைந்த ஒரு பெட்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், உள்ளேயிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. இந்த வகைச் சோதனைகளில் சராசரியை 100 என்று வைக்கிறார்கள். 130ஐத் தாண்டுபவர்கள் நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேர். பாப்பா சொல்வளத்திலும் காரணகாரிய யோசனையிலும் அதற்கும் வெகுதூரம் மேலே இருந்தாள். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம், பார்த்ததைச் சட்டென்று கையால் குறித்துக் காட்டும் வேகம். அதில் 102.

அந்த நிபுணர் அந்தக் கட்டத்தின்மேல் பேனாவை வைத்து, "இது குறை இல்லை. ஐந்து வயதுக் கை. ஐந்து வயதுக் கை எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்கு" என்றார். அப்புறம் எங்களிடம் கேட்ட கேள்வி எதுவும் படிப்பைப் பற்றியது இல்லை. தானாகக் கழிப்பறைக்குப் போய் உடையைச் சரிசெய்துகொண்டு வருவாளா? விளையாட்டில் தோற்றால் என்ன செய்வாள்? யாரோடு விளையாடப் போவாள், தன் வயதுப் பிள்ளைகளோடா, பெரியவர்களோடா? புது இடத்தில் யாராவது அவளுடைய பொருளை எடுத்தால் திருப்பிக் கேட்பாளா?

தோற்றால் என்ன செய்வாள் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். தாயக்கட்டை உருட்டிப் பரமபதம் விளையாடும்போது பெரிய பாம்பு கொத்திவிட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். பிஸ்கட்டைக் காட்டினாலும் அரை மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டாள்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். ஒரு வருடம் முன்னால் போனால் அங்கே இவளுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு முடிவு எடுங்கள் என்று. வீட்டுக்கு வந்து தொடக்கநிலை ஒன்றின் கணக்குப் புத்தகத்தைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்கிப் புரட்டினோம். எண்கள் நூறு வரை. கூட்டல், கழித்தல். பெருக்கலின் ஆரம்பம். அந்தப் பிள்ளைகளுக்கு அது மிகச் சரியான புத்தகம். இவளுக்கு மூன்று வாரத்து வேலைகூட இல்லை. 2019இலிருந்து தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளையே எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம்தான், பிள்ளைகள் பள்ளிக்குப் பழகட்டும் என்றுதான். அதாவது அந்த இரண்டு வருடமும் முக்கியமாகக் கற்றுத்தருவது பள்ளியில் இருக்கும் விதத்தை. வரிசையில் நிற்பது, பையை அடுக்குவது, கையை உயர்த்திக் காத்திருப்பது, இடைவேளைக்குள் சாப்பிட்டு முடிப்பது. எங்கள் பெண்ணுக்குப் பசி எதிலோ, அது அங்கே இல்லை. அவளுக்கு எது இன்னும் கைவரவில்லையோ, அங்கே இருப்பதெல்லாம் அதுதான்.

இதை யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. அவளுடைய கணக்கு மூன்று வருடம் முன்னால் ஓடுகிறது. ஒரு வருடம் முன்னதாகச் சேர்த்தால் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கும், வகுப்பில் அலுப்பும் அப்படியே இருக்கும். ஆனால் கணக்கோடு சேர்த்து அவளுடைய விரலும் அழுகையும் தூக்கமும் ஒரு வருடம் முன்னால் போயாக வேண்டும். பள்ளிக்கூட வாசல் தலையை மட்டும் உள்ளே விடாது, முழுப் பிள்ளையையும்தான் கேட்கும்.

என் கணவர் இதற்கும் சளைக்கவில்லை. "எட்டு நாள் முன்னாடி பிறந்திருந்தா யாரும் இதையெல்லாம் யோசிச்சே இருக்க மாட்டோம். அந்தக் கடைசிப் பிள்ளைங்க சமாளிக்கலையா?" சமாளிக்கிறார்கள். ஆனால் எந்த விலைக்கு என்பதும் தெரிய வேண்டும். 2006இல் பெடார்ட், தூயி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே வகுப்பில் மிக இளையவர்கள் மிக மூத்தவர்களைவிட நான்காம் வகுப்பில் 4 முதல் 12 நூற்றுமானப் புள்ளி, அதாவது நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் அத்தனை இடம், பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பிலும் அது முழுதாக மறையவில்லை, 2 முதல் 9 வரை இருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வகுப்பில் இளையவர்களான டிசம்பர் மாதத்துப் பையன்களுக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று முத்திரை விழுவது ஜனவரி மாதத்துப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக இருந்தது. பிள்ளையிடம் கோளாறு இல்லாமல், வயது குறைவு என்பதே கோளாறாகத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

இது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. மீத்திறன் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, தகுந்த பிள்ளையை மேல்வகுப்புக்கு நகர்த்தினால் படிப்பிலும் நன்மை, மனதுக்கும் பெரிதாகக் கேடு இல்லை என்று ஐம்பது வருட ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னது. என் கணவர் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதில் பயனில்லை என்பது என் எண்ணம். முதல் ஆய்வு கடைசியாகப் பிறந்த எல்லோரையும் பார்க்கிறது, இரண்டாவது பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை. நம் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எனக்கு வழி காட்டியது ஒரு தனிமனிதருடைய வரலாறு. டெரன்ஸ் டாவ், 1975இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர், 2006இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். அவரை மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்தார்கள். சில வாரத்திலேயே பெற்றோர் வெளியே எடுத்துவிட்டார்கள். படிப்பு வராமல் இல்லை. அவ்வளவு நேரம் வகுப்பறையில் உட்காரும் பக்குவம் அந்தக் குழந்தைக்கு இல்லை. ஐந்து வயதில் மறுபடி சேர்த்தபோது, வெவ்வேறு பாடத்துக்கு வெவ்வேறு வகுப்பு என்று பிரித்து அனுப்பினார்கள். கணக்கு எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே, மற்றவை அவர் வயதுக்கு அருகில். உலகமே மேதை என்று சொல்லும் ஒருவருக்கே சீக்கிரம் சேர்ப்பது முதல் தடவை ஒத்துவரவில்லை. அந்தப் பெற்றோர் அதை உடனே பார்த்துத் திருத்தினார்களே, எனக்கு அவர்கள்மேல்தான் மரியாதை.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை நான் ஒரு பரீட்சை வைத்தேன். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஐந்து வெள்ளி நோட்டைக் கொடுத்து, ஒரு தோசை வாங்கி வா என்று அனுப்பினேன். தொடக்கநிலை ஒன்றில் இடைவேளையின்போது பிள்ளைகள் தானாக இப்படித்தான் வாங்க வேண்டும். விலைப்பலகையைப் பார்த்ததும் "ஒரு வெள்ளி அறுபது காசு. மூணு நாற்பது மிச்சம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். வரிசையில் நின்றாள். பள்ளிச் சட்டை போட்ட இரண்டு பையன்கள் வந்து அவளுக்கு முன்னால் நுழைந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பெரியவர். கடைக்காரர் மேடைக்கு அந்தப் பக்கம் நிற்பவர், இவள் தலை அவருக்குத் தெரியவே இல்லை. "யார் அடுத்தது?" என்று கேட்டார். இவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நோட்டை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள். இன்னொருவர் வாங்கிக்கொண்டு போனார். பதினொரு நிமிடம். நான் எழுந்து போகும்போது நோட்டு அவள் கைக்குள் ஈரமாகிக் கசங்கியிருந்தது. "அம்மா, மூணு நாற்பதுதான் வரும், நான் சரியா போட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் அதுவரை இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. பாப்பாவைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட முடியவில்லை, விரல்நுனி காதுக்கு மேல் முடியிலேயே நின்றுவிட்டது. "எனக்கும் எட்டல. தலையைச் சாய்ச்சுத் தொட்டேன்" என்றார்.

அப்பாவுக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். பிறந்த தேதி எழுதி வைக்காத காலம், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வந்துவிட்டதா என்று பார்க்க அங்கே வாத்தியார்கள் காதைத் தொடச் சொல்வார்கள். அந்த வயதுக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு ஏழு வயதில்தான் எட்டும். அப்பா பிறந்தது 1950 மார்கழியில். நாலரை வயதிலேயே ஆத்திசூடியைத் தலைகீழாக ஒப்பித்ததால் தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டு, பிறந்த தேதியாக 1950 ஜூன் 1 என்று எழுதிவிட்டார். சர்ட்டிபிகேட் வயதும் நிஜ வயதும் வேறு வேறாக இருப்பது நம் பக்கத்தில் அந்தத் தலைமுறைக்குப் புதிதில்லை. சிங்கப்பூர் அடையாள அட்டையிலும் அதே ஜூன் 1தான், பணி ஓய்வும் அந்தத் தேதிக்குத்தான். சின்ன வயதிலிருந்து நான் இதைப் பெருமையான கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். வகுப்பிலேயே சின்னவன், வகுப்பிலேயே முதல்.

அன்றைக்குத்தான் மீதியைச் சொன்னார். பதினைந்து வயதில் எஸ்எஸ்எல்சி முடித்துவிட்டுப் புகுமுக வகுப்புக்காக நகரத்து விடுதிக்குப் போனாராம். கூட இருந்தவர்களுக்கு எல்லாம் பதினேழு, பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வராந்தாவில் வரிசையாகக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சவரம் செய்வார்கள். இவர் சோப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிகரெட் வாங்கிவர இவரை அனுப்புவார்கள், பேச்சு சுவாரசியமாகப் போகும்போது இவரை வெளியே போகச் சொல்வார்கள். "ஒருநாள் நானும் பிளேடு வாங்கினேன். முகத்துல ஒண்ணும் இல்ல. இருந்தாலும் போட்டு வழிச்சேன். கன்னத்துல கிழிச்சுக்கிட்டேன்" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தத் தழும்பை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சின்ன வயதில் விழுந்தது என்றுதான் சொல்லியிருந்தார்.

சேர்க்காதே என்று அவர் சொல்லவில்லை. "ஆறு வயசுல ஒண்ணும் தெரியாதும்மா. பதிமூணுல இருந்துதான் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

இதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. எங்கள் கண் முழுவதும் தொடக்கநிலை ஒன்றின் முதல் நாளிலேயே இருந்தது. முன்னதாகச் சேர்த்திருந்தால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை அவள் பதினோரு வயதில் எழுதியிருப்பாள். உயர்நிலை ஒன்றின் முதல் நாளில் அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருக்காது. பெண்பிள்ளைகளுக்கு அந்த வயதில் ஒரு வருடம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், நானும் அதைக் கடந்து வந்தவள்தானே.

கடைசியில் முடிவைத் தீர்மானித்தது இன்னொரு எளிய விஷயம். இப்போது சேர்க்காவிட்டால் பிறகு ஒரு பாடத்தையோ ஒரு வகுப்பையோ தாண்டலாமா என்று மறுபடி கேட்க வழி இருக்கிறது. சேர்த்த பிறகு பின்னால் இழுத்தால் அவளுக்கு அது தோல்வி என்றே படும், பரமபதப் பாம்பு மாதிரி. ஜூலையில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு தொடங்குவதற்கு முன்பே, விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், 1984இலிருந்து நடந்துவரும் மீத்திறன் கல்வித் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மாணவர்களுக்கான ஏற்பாட்டைச் செய்யும் என்று அறிவித்தார். எங்கள் வட்டாரப் பள்ளியிலேயே வழி பிறக்கலாம் என்று அது கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

முடிவு எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சேர்க்காமல் விட்டால் அந்த வருடத்துக்குப் பெற்றோர்தான் பொறுப்பு. பாலர் பள்ளிக்குப் போய்ப் பேசினேன், இரண்டு பதில் விதியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள், ஆனால் அதற்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் அவளைக் கேள்வி எழுதித் தரச் சொன்னார், வாரம் ஒரு கேள்வி, வகுப்பு முழுவதும் சேர்ந்து பதில் தேடும். நல்ல கேள்வி வரவில்லை என்று காத்திருந்தவளுக்கு அது பெரிய வரமாக இருந்தது. அப்பா தினமும் காலையில் தமிழ் முரசைப் பிரித்து வைத்துக்கொண்டு தலைப்புகளை அவளோடு படிப்பார். ஆங்கிலத்தில் பறக்கிறவள் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். அவளுக்கு வராத ஒன்று இருந்தது, அதை அவள் விடாமல் செய்தாள், தாத்தா மடியில் உட்கார்ந்துகொண்டு. நீச்சலுக்கும் அனுப்பினோம். குளத்தில் அவள்தான் கடைசி, நான்கு மாதம் கடைசியாகவே இருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் காப்பிக்கடைத் தோசை. ஏழாவது வாரம் குரல் வந்தது.

எல்லோரும் காத்திருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு ஒரு வகுப்பைத் தாண்டிப் போட்டார்கள். அவன் காலையில் வயிற்று வலி என்று அழுது பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளை. தன்னைவிட மூன்று வயது பெரியவர்களோடுதான் விளையாடுவான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தோற்றால் சிரித்துவிட்டு இன்னொரு ஆட்டம் கேட்பான். மேலே போன அடுத்த வாரமே வயிற்று வலி நின்றுவிட்டது. அவனை வயதைக் காட்டித் தடுத்திருந்தால் அது அநியாயம். பிள்ளை இருக்கும் இடத்தில் வாடிப்போகிறது என்றால் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. பாப்பா வாடவில்லை. அலுத்துப் போனாள், ஆனால் தினமும் ஓடித்தான் பாலர் பள்ளிக்குப் போனாள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கை சொல்லாது. காலையில் காலணி போடும் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இந்த ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போனாள். பள்ளி திறந்த அடுத்த வாரமே ஏழு வயது, வகுப்பிலேயே மூத்தவர்களில் ஒருத்தி. கணக்கு வகுப்பில் சீக்கிரம் முடித்துவிடுகிறாள். வகுப்பாசிரியை தனியாக ஒரு கோப்பு வைத்து வேறு தாள்கள் தருகிறார். கணக்கை மட்டும் மேல்வகுப்பில் படிக்க விடலாமா என்று கேட்கப் போகிறோம். என் கணவர் ஒரு வருடம் போய்விட்டது என்றுதான் இன்னும் நினைக்கிறார், அதை மறைக்கவும் மாட்டார்.

போன வாரம் அவர் அவளுக்கு ஒரு புதிர் கொடுத்தார். சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கட்டத்தை மறைத்துவிட்டு, மீதி 62 கட்டத்தையும் டாமினோ கட்டைகளால் மூட வேண்டும், ஒரு கட்டை இரண்டு கட்டத்தை மூடும். "31 கட்டை போதும், ஈஸி" என்று உட்கார்ந்தாள். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கட்டைகளைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் போனாள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கை மட்டும் வெளியே வந்து தரையில் கிடந்த இரண்டு கட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. அடியிலிருந்து குரல்: "அப்பா, கறுப்புக் கட்டம் எத்தனை, வெள்ளைக் கட்டம் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. விடையைச் சொல்லிடாதீங்க."